என் அக்காவுக்குக் கொழுப்பு என்று நான் சொன்னது உண்மைதான், ஆனால்

அன்பும் பண்பும் அவ்வப்போது முன்கோபமும் நிறைந்த அக்கா அவர்களுக்குத் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் உன் மருமகள் பந்துவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் சுகமா என்று கேட்கத்தான் ஆசை. கேட்டால், "எங்க சுகத்தைப் பத்தி உனக்கென்னடா இப்போ?" என்பாய். ஆகவே சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ போனை எடுத்தால்தானே? சனிக்கிழமையிலிருந்து விடாமல் அடிக்கிறேன், அதுவும் மணியடித்து மணியடித்துத் தானே ஓய்ந்துபோகிறது. பொறுக்கமாட்டாமல் அத்தானின் சைக்கிள் கடைக்கு அடித்தேன். யாருடைய டயருக்கோ காற்றடித்துக்கொண்டே பேசினார் போலிருக்கிறது. புஸ் புஸ் என்ற சத்தத்துக்கு நடுவே, "அவ வாயே திறக்க மாட்டேங்கறாப்பா. மூஞ்சி இவ்வளவு பெருசா இருக்கு. ரெண்டு நாள் விட்டுப் பிடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அக்கா, நீ திட்டினால் பயமில்லை, பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் அது. நீ வாயே திறக்கவில்லை என்றதும்தான் பேனாவை எடுத்தேன்.

இத்தனைக்கும் காரணம் சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நான் உனக்குப் போட்ட போன். "என் அக்காவுக்குக் கொழுப்பு" என்று என் வாயிலிருந்து வந்தது உன் காதில் விழுந்துவிட்டது. விழுந்தது உண்மை, சொன்னதும் உண்மை. ஆனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள் மூக்கை உடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றால்கூட, முதல் அடி எங்கே விழுந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் நான் தண்டனை கொடுப்பது வழக்கம். அந்த நியாயத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் கொடு. முதலிலிருந்து சொல்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடு.

பந்து பிறந்த அன்று நான் மைதானத்திலிருந்து அப்படியே ஓடி வந்தேன், கழுத்தில் விசிலோடு. பிரசவ அறை வாசலில் உன் பக்கத்தில், கடிப்பதற்கு நகம் மிச்சமில்லாமல் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றபோது, கையில் ஓர் ஐஸ் பெட்டியோடு ஓர் அம்மா வந்தார். ஐஸ் விற்க வந்தவர் என்று நினைத்து, "எங்களுக்கு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவரோ ஓர் ஆய்வுக்காக வந்தவர். குழந்தை பிறந்து தொப்புள்கொடியை வெட்டிய பிறகு, கொடியில் மிச்சம் இருக்கும் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "பிள்ளைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது சார். அந்த ரத்தத்துல லெப்டின், இன்சுலின்னு சில சங்கதிங்க எவ்வளவு இருக்குன்னு பாத்து வச்சுக்குவோம். பிள்ளைக்கு அஞ்சு வயசாகும்போது உடம்புல கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு அளப்போம். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான்" என்றார். லெப்டின் என்றால் என்னவென்று கேட்டேன். உடம்பில் இருக்கும் கொழுப்பு மூளைக்கு அனுப்புகிற தகவலாம், இங்கே சரக்கு போதும், சாப்பிட்டது போதும் என்று சொல்லுமாம். உடனே நீ, "என் தம்பிக்கு அந்தத் தகவல் இதுவரைக்கும் வந்து சேரலைம்மா" என்றாய். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்புள்கொடி உறவு என்று வாய் நிறையச் சொல்கிறோம், அதைப் போய் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவதா என்று மனசு ஒரு மாதிரி இருந்தது. நீதான் சொன்னாய், "தூக்கிப் போடறதுதானேடா, கொண்டு போகட்டும். நாளைக்கு நாலு பிள்ளைங்களுக்கு ஆகும்." சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாயா? "விளையும் பயிர் முளையிலே தெரியும்னு எங்களுக்குத் தெரியாததா? அதுக்கு எதுக்கும்மா ரத்தம்?" என்று அந்த அம்மாவையும் ஒரு பிடி பிடித்தாய். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, "தெரியும்னு சொல்றோமே தவிர, என்ன தெரியும்னு யாரும் சொல்றதில்லையேம்மா" என்று சிரித்தார். அன்றிலிருந்து நம் வீட்டில் அவருக்கு ஐஸ் பெட்டி அம்மா என்று பெயர். அதற்குள் உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது, நான் என்னையறியாமல் விசிலை ஊதிவிட்டேன், வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வாட்ச்மேன் ஓடி வந்து, "யோவ், இது ஆஸ்பத்திரியா, ஃபுட்பால் கிரவுண்டா?" என்று சட்டையைப் பிடித்ததையும் நீதான் விலக்கிவிட்டாய்.

ஆனால் குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. எடை குறைவு. கையில் வாங்கினால் குழந்தையைவிடச் சுற்றியிருந்த துண்டுதான் கனத்தது. இரும்புக் குண்டு எறியச் சொல்லிக்கொடுக்கிற இந்தக் கைக்கு அந்தத் துண்டை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் "தேறிடுமா?" என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். நீ மட்டும், "இங்க குடுறா" என்று வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். ஒரு வாரம் இருப்பதாகச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தாய், குழந்தை நடக்க ஆரம்பிக்கிறவரை கிளம்பவில்லை. அத்தான் ஓட்டலில் சாப்பிட்டுச் சாப்பிட்டு நொந்துபோய் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "என் பெண்டாட்டியைத் திருப்பிக் குடுங்கப்பா" என்று கேட்டார். நீ உள்ளேயிருந்தே, "பிள்ளை இன்னும் ஒரு சுத்து பெருக்கட்டும்" என்று அனுப்பிவிட்டாய்.

பெருத்தாள். அதில் குறையே சொல்ல முடியாது. உன் கையால் சோறு ஊட்டும் முறை ஒன்று இருக்கிறதே, அத்தைக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், நிலாவுக்கு ஒரு வாய், எதிர்வீட்டு நாய்க்கு ஒரு வாய் என்று. அதில் நானும் பருக்கவில்லை, நிலாவும் பருக்கவில்லை, எதிர்வீட்டு நாயும் அன்றைக்கு இருந்த மாதிரியே எலும்பும் தோலுமாகத் திரிகிறது. எல்லார் பங்கும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தது. தேறுமா என்று கேட்டவர்களே "போதுமே" என்று சொல்லும்படி ஆயிற்று. நான் ஆசையாகப் பந்து என்று கூப்பிடப்போக, அதுவே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் தினமும், "என்ன பி.டி. சார், ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் ஓட விடறீங்க, உங்க வீட்டுப் பந்து உருள ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்கிறார். ஊருக்கு உபதேசம் என்று யாராவது இழுக்கும்போதெல்லாம் நான் விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன்.

இப்படி இருக்கையில்தான் ஐந்து வயது அளவெடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் மாடி அறை, சுவரெல்லாம் காகித மீன்கள் ஒட்டியிருக்கிறார்கள். அதே ஐஸ் பெட்டி அம்மாதான், இப்போது மூக்கில் கண்ணாடி ஏறியிருக்கிறது. பந்துவைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவி, "இப்போ பாப்பாவோட கொழுப்பை அளந்து பாக்கலாமா?" என்றார். பந்து, "ம்" என்று சொல்லிவிட்டு ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றாள். "வாய் வேண்டாம் கண்ணு, கையைக் குடு." "கொழுப்பு வாய்லதான் இருக்கு. அம்மா தினமும் சொல்றாங்க. வாய்க்கொழுப்பாம்." என் மனைவி அவசர அவசரமாகச் சுவரில் இருந்த மீன்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் அந்த அம்மா இடுக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்தார். கையின் பின்பக்கமும் தோள்பட்டைக்குக் கீழேயும் தோலை மெதுவாகப் பிடித்து மடிப்பு எவ்வளவு தடிமன் என்று பார்ப்பதாம். "இது கிள்ளுமா?" என்று கேட்டாள் பந்து. "லேசா." "அப்போ முதல்ல அப்பாவை." குழந்தையின் பயம் தெளியட்டும் என்று நான் சட்டையைத் தூக்கி இடுப்பைக் கொடுத்தேன். இடுக்கி விரிந்தது, இன்னும் விரிந்தது. அந்த அம்மா அளவைப் பார்த்துவிட்டு, "சார் என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். பி.டி. மாஸ்டர் என்றேன். "ஓ" என்றார். அக்கா, அந்த ஓவுக்கு நீ இரண்டு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்தது முட்டை. ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு வெள்ளையாக ஒரு முட்டை, முன்னால் கண்ணாடி ஜன்னல். உள்ளே பிள்ளையை உட்காரவைத்துக் கதவை மூடினால், அவள் உடம்பு எவ்வளவு காற்றின் இடத்தை அடைத்துக்கொண்டது என்று பார்த்து, எடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுமாம். ஒரே ஒரு நிபந்தனை, கொஞ்ச நேரத்துக்கு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும், பேச்சும் கூடாது, சிரிப்பும் கூடாது. நீச்சல் உடையும் ரப்பர் தொப்பியுமாக நின்ற பந்து, "நான் மாட்டேன். உள்ள போனா கோழி வந்து மேல உக்காந்துக்கும்" என்று ஒரே அடம். நான் கெஞ்சினேன், என் மனைவி மிரட்டினாள், ஐஸ் பெட்டி அம்மா பலூன் காட்டினார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் சொன்னாள், "அத்தை சொன்னாத்தான் உக்காருவேன்."

அதனால்தான் உனக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் பிடித்தேன். நீ என்னவோ மிட்டாயை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி, "உக்காழு தங்கம், அத்தை இங்கயேதான் இழுக்கேன்" என்றாய். மந்திரம் போட்ட மாதிரி உள்ளே போய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கதவு மூடியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சும்மா நிற்கிற நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று அந்த அம்மா என்னிடம் தாழ்ந்த குரலில், "குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை, பிரஷர், கொழுப்பு உண்டா சார்?" என்று கேட்டார். நானும் கேட்ட கேள்விக்குக் கேட்ட வரிசையில் பதில் சொன்னேன். "அப்பாவுக்குச் சர்க்கரை இருந்துச்சு. பிரஷர் எனக்கு, பசங்களால. கொழுப்பு என் அக்காவுக்கு. ரொம்ப ஜாஸ்தி. மாத்திரை போட்டும் குறையலை." "எத்தனை நாளா?" என்றார். "சின்ன வயசுலேருந்தே இருந்திருக்கும், இப்போதான் கண்டுபிடிச்சாங்க" என்றேன். அப்போதுதான் கையில் இருந்த போனைப் பார்த்தேன். டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நீ போய்விட்டாய். போனில் வெளிச்சம் அணைந்ததும் உள்ளே இருந்தவள் இரண்டு கையாலும் கதவைத் தட்ட ஆரம்பித்தாள். இயந்திரம் கீச் கீச் என்று கத்தி அளவை ரத்து செய்துவிட்டது.

இப்போது நீயே நியாயம் சொல். நான் சொன்னது ரத்தத்தில் இருக்கிற கொழுப்பு. உன் ரத்தப் பரிசோதனைக்கு நான்தானே கூட வந்தேன்? டாக்டர், "கொழுப்பு அதிகமா இருக்கும்மா" என்று சொன்னபோது, "அதை எங்க மாமியார் வீட்டுல அப்பவே சொல்லிட்டாங்க டாக்டர், புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்டவள் நீ. அச்சகத்தில் பிழை திருத்துகிற என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு 'ரத்த' விட்டுப்போச்சு. அதை முன்னாடி போட்டிருந்தீங்கன்னா குடும்பம் பிழைச்சிருக்கும்" என்கிறாள். அவளுக்கு எல்லாமே அச்சுப்பிழைதான்.

மிச்சத்தையும் கேள். இனி எழுதப்போவதற்குத்தான் உண்மையில் இந்தக் கடிதம். பந்து அழுது ஓய்ந்த பிறகு அந்த அம்மாவிடம் என் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். இடுக்கி அளவை வைத்துப் பார்த்தாலே கொழுப்பு கொஞ்சம் கூடுதல்தான் என்று சொல்லியிருந்தார். "பிறந்த அன்னைக்கு எடுத்த ரத்தத்துலயே இது தெரிஞ்சுபோச்சாம்மா? தலையெழுத்தா?" என்றேன். "தலையெழுத்தெல்லாம் இல்ல சார். பிறந்தப்போ இவ ரத்தத்துல லெப்டின் ரொம்பக் கம்மி. உடம்புல கொழுப்புன்னு ஒண்ணுமே சேராம பிறந்த பிள்ளை இவ. இப்படிப் பிறக்கற பிள்ளைங்கள்ல சிலது வேகமா தேறி, கொஞ்சம் கூடவே தேறிடுது. சிலது அப்படியே ஒல்லியா நிக்குது. ஏன்னு எங்களுக்கே இன்னும் சரியா தெரியலை. அதுக்குத்தான் இத்தனை பிள்ளைங்களைக் கூப்பிட்டு அளக்கறோம். ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டு ஜோசியம் சொல்ல முடியாது" என்றார். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "பயப்படாதீங்க, பட்டினி போடாதீங்க, நல்லா ஓடி விளையாட விடுங்க. நிலாவுக்கும் நாய்க்கும் ஊட்டற வாயை மட்டும் நிறுத்துங்க." அதையெல்லாம் பந்து எப்போது அவரிடம் ஒப்பித்தாளோ தெரியவில்லை. அப்புறம் கேட்டார், "அவ்வளவு சின்னதா பிறந்த பிள்ளையை யார் சார் இப்படித் தேத்தினது?" என் அக்கா என்றேன். "யாரு, இப்போ கொழுப்புன்னு சொன்னீங்களே, அவங்களா?"

ஆமாம் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் பாட்டுக்குக் கணக்கு வாத்தியாருடைய கேலிக்குப் பயந்து, இந்தக் குழந்தை ஏன் இப்படிப் பெருத்தது என்று குமைந்துகொண்டிருந்தேன். எதிலிருந்து பெருத்தது என்பதை மறந்தே போய்விட்டேன். அக்கா, கொழுப்பே இல்லாமல் பிறந்த பிள்ளை அவள். அவள் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு மடிப்பும் நீ போட்டது. உன் வீட்டை விட்டு, அத்தானை விட்டு, உன் தூக்கத்தை விட்டுப் போட்டது. ஒரு வாய் கூடுதலாகப் போட்டுவிட்டாய், அவ்வளவுதானே? கூடுதலாக இருப்பதைக் குறைத்துக்கொள்ளலாம், அதற்கு நான் இருக்கிறேன், மைதானம் இருக்கிறது. அன்றைக்கு அவள் தேறாமல் போயிருந்தால் நான் எதைக் குறைப்பேன், எதைக் கூட்டுவேன்? உனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை நேரில் சொன்னால், "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாய். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். நன்றி அக்கா. என் பிள்ளையைப் பிள்ளையாக்கிக் கொடுத்ததற்கு நன்றி.

வருகிற வியாழக்கிழமை காலையில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதைவிட்டால் வயது தாண்டிவிடும், பந்துவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம். நாலு பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று நீ கொடுக்கச் சொன்ன ரத்தம் யாருக்கும் ஆகாமல் போய்விடும். முட்டைக்குள் உட்கார வேண்டுமென்றால் அத்தை பக்கத்தில் நிற்க வேண்டும், போன் அத்தை வேண்டாம், நிஜ அத்தைதான் வேண்டும் என்று அவள் இப்போதே சொல்லிவிட்டாள். அளவு கிடக்கட்டும் அக்கா. நீ என்மேல் கோபித்துக்கொண்டு இந்த வீட்டுப் படி ஏறாமல் இருந்துவிடுவாயோ என்பதுதான் எனக்குப் பயம். வந்துவிடு. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவளோடு பேசு, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். உன் கையில் இருந்து ஆசியோ அடியோ, எது முதலில் வருகிறதோ அதைப் பெற்றுக்கொள்ளத் தலை குனிந்து காத்திருக்கும்,

உன் அன்புத் தம்பி.

(உறையின் முதுகில்)

பின்குறிப்பு: அக்கா, உறையைப் பிரிக்காதே. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால் பந்து உனக்கு ஒரு படம் வரைந்து உள்ளே வைத்து, அரைப் புட்டிப் பசையைக் கொட்டி ஒட்டிவிட்டாள், நான் பிரித்தால் அவள் அழுகிற அழுகையில் வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. ஒட்டி முடித்த பிறகு அத்தான் போன் செய்தார். "அவளுக்குக் கடவாய்ப்பல்லைப் பிடுங்கியிருக்குப்பா, கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியலை. அன்னைக்கு நீ போன் பண்ணப்போ மரத்துப்போற ஊசி போட்டு வெளியே உக்கார வச்சிருந்தாங்க. பந்துகிட்ட ஒரு வார்த்தை பேசினா, டாக்டர் கூப்பிட்டாரு, போனை என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா. நீ கொழுப்புன்னு சொன்னதெல்லாம் நான்தான் கேட்டேன். வாஸ்தவம்தானேன்னு வச்சுட்டேன். அவகிட்ட மூச்சு விடலை, நீயும் விட்டுடாதே. பிள்ளை உக்காந்தாளா இல்லையான்னு சிலேட்டுல எழுதி எழுதிக் காட்டி என் உயிரை வாங்கறா. புதன்கிழமை உங்க வீட்டுக்குக் கிளம்பறா" என்றார். ஆக, உனக்கு ஒன்றுமே தெரியாது, தெரிய வேண்டியது எல்லாவற்றையும் நானே உள்ளே எழுதி வைத்திருக்கிறேன். வாஸ்தவம் என்று அத்தான் சொன்னதை உன்னிடம் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன், ஆகவே இதையும் படிக்காதே. பிரித்தே தீருவாய் என்றால் நன்றி சொன்ன இடத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வை. எல்லாவற்றையும் படித்துத் தொலைத்தாயானால், புதன்கிழமை வந்து, வீக்கம் வடிந்த வாயால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்துத் திட்டு. வியாழக்கிழமை முட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மட்டும் திட்டாதே. பந்து சிரித்துவிட்டால் அளவு தவறிவிடும்.